கூகுள் சர்ச் கன்சோல்: லிங்க் வாங்காமல் கடை நடத்துபவளின் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். சின்னக் கடைக்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறீர்கள், அதில் நாலு நல்ல கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறீர்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) விற்பவர்களுக்குப் பணம் கட்டும் முன் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து உட்காருங்கள். நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுளே காட்டும் கருவி அது. இலவசம். தமிழில் எழுதுபவர்களுக்கு அதைவிட உதவியான விளம்பரக் கருவியை நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அது விளம்பரக் கருவியே இல்லை.

நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். மட்டை மில் குடும்பம். தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் நார் கயிற்றுக்கும் மெத்தைக்கும் போய்விடும். மிஞ்சுகிற தூளை ஒரு காலத்தில் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அதிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடியும், பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். இப்போது அதே தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தினால் கோகோ பீட். பெரும்பகுதி ஏற்றுமதிக்காரர்களிடம் மொத்தமாகப் போகிறது. மாடித்தோட்டக்காரர்களுக்குச் சில்லறையாக விற்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இணையதளம் அதற்காகத்தான்.

தளம் ஆரம்பித்த புதிதில் என் கொழுந்தனார் ஓர் எஸ்.இ.ஓ. நிறுவனத்தின் விலைப்பட்டியலோடு வந்தார். பெயர் வேண்டாம்.

"அண்ணி, மாசாமாசம் கட்டினா ஐந்நூறு லிங்க் போட்டுத் தர்றாங்களாமுங்க. கூகுள்ல மேல வந்துருவோமாம்."

"அந்த ஐந்நூறு சைட்டுல ஒண்ணாவது மாடித்தோட்டம் பத்துனதா தம்பி?"

கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். கேட்டுச் சொல்வதற்கு முன்னாலேயே முதல் மாதக் காசைக் கட்டியும் விட்டார். அந்தக் காசு என்ன ஆனது என்று எனக்குக் காட்டியதே சர்ச் கன்சோல்தான். அதில் 'லிங்க்ஸ்' என்று ஓர் அறிக்கை உண்டு. எந்தெந்தத் தளங்கள் நமக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று கூகுளுக்குத் தெரிந்தவரை அதில் வரும். வாங்கிய சரக்கு அங்கே வரிசையாக வந்து நின்றது. வீடு மாற்றித் தருபவர்களின் டைரக்டரி, ஒரு சூதாட்டத் தளம், என்ன மொழி என்றே பிடிபடாத ஏதோ ஒரு பதிவு. அந்தப் பதிவில் கிரிக்கெட் பற்றிய ஒரு பத்தியின் நடுவே எங்கள் கோகோ பீட்டைச் செருகியிருந்தார்கள். கிளிக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இரண்டாவது மாதம் கட்ட வேண்டாம் என்று கொழுந்தனாரே சொல்லிவிட்டார்.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை ஓட்டு மாதிரி எண்ணும் பேஜ்ரேங்க் முறையில்தான் தொடங்கினார்கள். ஓட்டு என்று வந்துவிட்டால் ஓட்டுக்குப் பணமும் வந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, லிங்க் வாங்கிய தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அதையே நிரந்தரமாக ஓடும்படி உள்ளே சேர்த்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் 'ஸ்பாம்பிரெய்ன்' என்ற தங்கள் ஏ.ஐ. அமைப்பை லிங்க் பக்கமும் திருப்பினார்கள். செயற்கையான லிங்க்குகளின் மதிப்பு அதோடு பூஜ்ஜியம். அதாவது இன்று காசு கொடுத்து வாங்கும் மலிவு லிங்க்குக்குப் பெரும்பாலும் தண்டனைகூடக் கிடையாது. ஒன்றுமே நடக்காது, அவ்வளவுதான்.

லிங்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கடன், காப்பீடு, நீட் பயிற்சி என்று நூறு பெரிய தளங்கள் மோதும் இடத்தில் பெயரும் லிங்க்கும் இல்லாமல் மேலே வர முடியாது. ஆனால் எங்களைப் போன்ற தொழிலில், அதுவும் தமிழில், ஒரு கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்லும் பக்கங்கள் எத்தனை இருக்கின்றன? பல கேள்விகளுக்கு ஒன்றுகூட இல்லை. அங்கே போட்டியே கிடையாது. எந்தக் கேள்வி அப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சரி, கன்சோலுக்கு வருவோம். முன்பு இது வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. 2015-இல் பெயர் மாறியது. நிறுவுவது பெரிய வேலை இல்லை. டொமைன், அதாவது தளத்தின் பெயர், வாங்கிய இடத்தில் டி.என்.எஸ். (அந்தப் பெயரைத் தளத்தோடு இணைக்கும் அமைப்பு) பகுதிக்குள் போய், கூகுள் தரும் ஒரு வரியை டி.எக்ஸ்.டி. பதிவாக ஒட்ட வேண்டும். டி.என்.எஸ். என்றதும் பயப்படாதீர்கள், நகலெடுத்து ஒட்டத் தெரிந்தால் போதும். இந்த வழியில் சேர்த்தால் தளத்தின் எல்லா வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும்: முன்னால் மூன்று டபிள்யூ இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூட்டு அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தரவு அன்றே வந்து குவியாது. சேர்த்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

உள்ளே ஏகப்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன. முக்கால்வாசியை நான் தொடுவதில்லை. எனக்கு வேண்டியது 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற ஒன்றுதான். யாரோ கூகுளில் எதையோ தட்டி, அதற்கு நம் பக்கம் பட்டியலில் வந்தால் அது ஓர் இம்ப்ரெஷன். அதைத் தொட்டு உள்ளே வந்தால் ஒரு கிளிக். கீழே அவர்கள் தட்டிய வாசகங்கள் வரிசையாக வரும், அவர்கள் எழுதிய எழுத்துப் பிழையோடு. முதல் முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, கடை வாசலில் நின்று உள்ளே வராமல் போனவர்கள் பேசிக்கொண்டதை ஒட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

இதில் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. 2021-இல் வாசகங்களை வடிகட்ட 'ரீஜெக்ஸ்' (பல சொற்களை ஒரே குறியீட்டில் எழுதித் தேடும் முறை) சேர்த்தார்கள். வடிகட்டும் இடத்தில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏன், எப்படி, எத்தனை, எவ்வளவு, எப்போது என்று கேள்விச் சொற்களை எழுதி நடுநடுவே ஒரு செங்குத்துக்கோடு போட்டுவிட்டால், அந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று உள்ள தேடல்கள் மட்டும் மிஞ்சும். விலை கேட்பவர்களும் கடைப் பெயரைத் தட்டுபவர்களும் ஒதுங்கிவிடுவார்கள், சந்தேகம் கேட்பவர்கள் மட்டும் நிற்பார்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதால் அதே கேள்விச் சொற்களை அந்த எழுத்திலும் சேர்க்க வேண்டும். 'எப்படி', 'எவ்வளவு' எல்லாம் தொந்தரவில்லை. 'ஏன்' மட்டும் தகராறு. ஆங்கில எழுத்தில் அது 'en', இரண்டே எழுத்து. 'கார்டன்' என்ற சொல்லின் வாலிலும் அதே இரண்டு எழுத்து இருக்கிறது. மாடித்தோட்டத் தளத்தில் அதைப் போட்டு வடிகட்டினால் பட்டியல் முழுவதும் கார்டன் கார்டன் என்று வந்து விழும். முன்னும் பின்னும் சொல் எல்லைக் குறி (\b) போட்டால் தனிச் சொல்லாக வருவது மட்டும் பிடிபடும், சரியாகிவிடும்.

அப்படி வடிகட்டிப் பார்த்ததில்தான் மஞ்சள் இலை விவகாரம் கிடைத்தது. கோகோ பீட்டில் வைத்த செடி ஏன் மஞ்சளாகிறது, தக்காளி இலை மஞ்சள் கோகோ பீட், கோகோ பீட் போட்டபின் செடி வளரவில்லை என்று ஒரே சந்தேகம் பல வேஷத்தில். அதற்கெல்லாம் கூகுள் காட்டியது எங்கள் 5 கிலோ கட்டியின் விலைப் பக்கத்தை, அதுவும் மூன்றாம் நான்காம் பக்கத்தில் எங்கோ. அந்தப் பக்கத்தில் மஞ்சள் இலை பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்தும் எங்களைக் காட்டியது என்றால், அந்தச் சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொல்லும் பக்கம் அதிகம் இல்லை என்று அர்த்தம்.

பதில் எங்களுக்குத் தெரியும், பல வருடமாக ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோகோ பீட் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்று விடும். சத்து என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. தொழுவுரமோ மண்புழு உரமோ கலக்காமல் அதில் மட்டும் செடி வைத்தால் கொஞ்ச நாளில் வெளுக்கும். இன்னொன்று, தென்னை நார்த்தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். சரியாகக் கழுவாத தூளில் அவை தங்கிவிடும். அப்புறம் நாம் போடும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூள் தான் பிடித்துக்கொண்டு, இந்த இரண்டையும் வெளியே விடும். செடி உரத்தின் நடுவிலேயே பட்டினி கிடக்கும். அதனால்தான் தரமான கட்டியில் உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. குறைவு என்று அச்சடித்திருப்பார்கள். ஏற்றுமதிச் சரக்கைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அனுப்புவதும் இதனால்தான்.

இதை எழுத உட்கார்ந்தபோது வீட்டில் சின்ன எதிர்ப்பு. "நம்ம சரக்க நாமளே கொறை சொல்லோணுமா?" என்றார் கணவர். விற்கிற கடையே 'இதில் மட்டும் வைத்தால் செடி வெளுக்கும்' என்று தலைப்பில் போட்டால் யார் வாங்குவார்கள் என்பது அவர் கவலை. போட்டோம். மஞ்சளான தக்காளிச் செடியின் படத்தையும், கழுவின தூள், கழுவாத தூள் இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் ஊறவைத்து எடுத்த படத்தையும் சேர்த்தோம். கழுவாத டம்ளர் கட்டங்காப்பி. மற்றது வெளிறின தேநீர். லிங்க் எதுவும் வாங்காமல் அந்தக் கட்டுரை தானாக மேலே ஏறியது. இப்போது ஃபோனில் வருபவர்கள் விலை கேட்கும் முன் "கழுவினதுதானே?" என்று கேட்கிறார்கள். கணவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் புதிதாக எழுத வேண்டும் என்றும் இல்லை. இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் சொற்பம் என்று சில பக்கங்கள் இருக்கும். அதாவது கூகுள் காட்டுகிறது, ஆட்கள் தொடுவதில்லை. பெரும்பாலும் தலைப்புதான் காரணம். எங்கள் தளத்தில் அப்படி ஒன்று 'தரமான கோகோ பீட், நேரடி விற்பனை' என்ற தலைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிய தேடல்களைப் பார்த்தால், பாதிப் பேர் கேட்டது ஒரு கட்டியில் எத்தனை பை நிரப்பலாம் என்று. கணக்குப் போட்டு எழுதினேன்: 5 கிலோ கட்டி தண்ணீர் குடித்து உதிர்ந்தால் சுமாராக 70 லிட்டர் தூள் வரும். விட்டம் ஓரடி, உயரம் ஓரடி உள்ள குரோ பேக் (செடி வளர்க்கும் பை) ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். மண், உரம், கோகோ பீட் மூன்றும் சம அளவில் கலந்தால் ஒரு பைக்கு 7 லிட்டர் தூள் போகும்; ஆக, பத்துப் பை. தலைப்பை '5 கிலோ கட்டியில் எத்தனை குரோ பேக் நிரப்பலாம்?' என்று மாற்றினேன். அந்தப் பக்கத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது.

வந்தவர்களில் தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா ஃபோனிலேயே வந்துவிட்டார். "ஏம்மா, பத்துப் பைன்னு போட்டிருக்கீங்க, எனக்கு எட்டுதான் வந்துது, கட்டி எடை கம்மியா?" எப்படி நிரப்பினீர்கள் என்று விசாரித்தால், கையால் நன்றாக அமுக்கி அமுக்கி நிரப்பியிருக்கிறார். அமுக்கினால் காற்று போய்விடும், தூளும் அதிகம் பிடிக்கும், வேருக்கும் ஆகாது. 'பையை அமுக்கி நிரப்பாதீர்கள்' என்று ஒரு பத்தியை அன்றே சேர்த்தேன். அந்த வரிக்கென்றே இப்போது தேடலில் ஆட்கள் வருகிறார்கள் என்பது கன்சோலில் தெரிகிறது.

எனக்குக் கன்சோலில் மிகவும் பிடித்தது அதன் 16 மாத ஞாபகசக்தி. பழைய பதிப்பில் 90 நாள் கணக்குதான் இருந்தது. 2018-இல் புதிய பதிப்பு வந்தபோது 16 மாதம் ஆக்கினார்கள். எங்கள் தொழிலுக்கு இது பெரிய விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊர் முழுக்க விதைக்கும் சமயத்தில்தான் எங்களுக்கும் வியாபாரம். போன ஆடியையும் இந்த ஆடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க 12 மாதத்துக்கு மேல் கணக்கு வேண்டும். அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. ஆட்கள் ஆடி பிறந்த பிறகு தேடுவதில்லை. ஆனியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள், முதலில் மண் கலவை, அப்புறம் விதை, பூச்சி எல்லாம் ஆவணிக்கு மேல். அதனால் மண் கலவைக் கட்டுரையை வைகாசியிலேயே தூசு தட்டி, படம் மாற்றி வைத்துவிடுகிறேன். ஆடி முதல் தேதி வாழ்த்துப் படம் போடுபவர்கள் போடட்டும்.

புதிய பக்கம் போட்டதும் அதன் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டி 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' அழுத்தலாம். அழுத்தியதும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சில நாளோ சில வாரமோ ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்ப அழுத்துவதாலும் வேகம் கூடாது. அதைவிட, ஏற்கனவே ஆள் வரும் நம் பக்கங்களிலிருந்து புதிய பக்கத்துக்கு நாமே ஓர் இணைப்புக் கொடுப்பது நல்லது. விலைப் பக்கத்தின் நடுவில் 'இலை மஞ்சளாகிறதா?' என்று ஒரு வரி வைத்தேன். யாரிடமும் கெஞ்சாமல் கிடைக்கும் லிங்க் நம் வீட்டு லிங்க் ஒன்றுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரையில் ஆயிரம் வரிகளுக்கு மேல் காட்டாது. மிகச் சிலர் மட்டும் தட்டிய வாசகங்களை, ஆளை அடையாளம் காண முடியாதபடி இருக்க வேண்டும் என்று மறைத்துவிடுகிறது. சின்னத் தளங்களில் வாசகப் பட்டியலைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தத்துக்கு வராது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கணக்கு இரண்டு மூன்று நாள் பின்தங்கியே வரும். 24 மணி நேரப் பார்வை ஒன்று 2024 டிசம்பரில் வந்தது, மற்ற அறிக்கைகள் பழையபடிதான். 'சராசரி இடம்' என்ற எண்ணை நம்பி மகிழவோ அழவோ கூடாது. சென்னையில் நாலாவதாகவும் சேலத்தில் நாற்பதாவதாகவும் தெரிந்தாலும் அது ஏதோ ஒரு நடு எண்ணைக் காட்டும். இன்னொன்று கொஞ்சம் பெரிய குறை. கூகுளே பதிலைத் தொகுத்து மேலே காட்டும் ஏ.ஐ. ஓவர்வியூ 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அதில் நம் பக்கம் வந்ததா, கீழே பட்டியலில் வந்ததா என்று கன்சோல் பிரித்துச் சொல்வதில்லை, எல்லாம் ஒரே கணக்கில் விழுகிறது. ஒரே வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விகளுக்கு இனி கிளிக் எதிர்பார்ப்பது வீண். டம்ளர் படம் மாதிரி, வந்து பார்த்தால்தான் விளங்கும் என்கிற விஷயங்களுக்கே இப்போது நேரம் செலவிடுகிறேன்.

இதெல்லாம் தேடி வருபவர்களுக்கு. ஏற்கனவே வாங்கியவர்களிடம் கட்டுரையைக் கொண்டுபோவது வேறு கதை. அதற்குக் கன்சோல் உதவாது.

வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். நல்லதும் உண்டு: எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பெண்கள் அதிகம் இருக்கும் தோட்டக் குழுக்களில் இது முக்கியம். எண்ணை எடுத்துக்கொண்டு 'காலை வணக்கம்' அனுப்பும் ஆட்களின் தொல்லை இல்லை. ஆனால் அது அரட்டைப் பட்டியலில் வராமல், ஸ்டேட்டஸ் இருக்கும் 'அப்டேட்ஸ்' பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மணியும் தானாக அடிக்காது. நினைவு வந்தவர்கள் பார்ப்பார்கள். என் அனுபவத்தில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பழைய பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் வேலை செய்கிறது. ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போகும். அந்தக் கட்டுப்பாடே வடிகட்டி. எண்ணைச் சேமித்து வைத்தவர் என்றால் நம்மை வேண்டும் என்று நினைப்பவர்.

வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் இணைப்போடு வரும் படத்தையும் தலைப்பையும் முதலில் உங்கள் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். பக்கத்தின் ஓப்பன் கிராஃப் பகுதியில் (பகிரும்போது காட்ட வேண்டிய படத்தையும் தலைப்பையும் குறித்து வைக்கும் இடம்) என்ன கொடுத்திருக்கிறதோ அதுதான் வரும். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் கடை லோகோவோ வெறும் நீல எழுத்தோ வரும், அதை யாரும் தொட மாட்டார்கள். படம் கனமாக இருந்தாலும் வராது. எங்கள் கட்டுரைகளில் மஞ்சள் இலைப் படத்துக்குக் கிடைக்கும் தொடுகையில் கால்வாசிகூடக் கட்டியின் படத்துக்குக் கிடைப்பதில்லை. செங்கல் மாதிரி இருக்கும் பொருளை யார் தொடுவார்கள்?

நான் செய்ததில் செலவு குறைந்தது, பலன் நிற்பது கட்டியின் உறையில் ஒட்டும் ஸ்டிக்கர். 'எப்படி ஊறவைப்பது?' என்று ஒரு கியூ.ஆர். கோடு. கட்டி கையில் வந்ததும் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி அது. கத்தியால் வெட்டப் பார்ப்பவர்கள் உண்டு, சுத்தியால் அடித்தவர்களும் உண்டு. அகலமான தொட்டியில் வைத்து சுமார் 25 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் அதுவே உதிர்ந்துவிடும். ஸ்கேன் செய்து அதைப் படித்தவர், கீழே உள்ள மண் கலவைக் கட்டுரைக்கும் போகிறார். சரக்கு போகும் இடமெல்லாம் கட்டுரையும் போகிறது, கூரியர் செலவு ஏற்கனவே அவர்களே கொடுத்தது. ஸ்டிக்கரிலிருந்து வந்தவர், வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவர் என்று பிரித்துப் பார்க்க முகவரியின் வாலில் யூ.டி.எம். குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் எல்லோரும் 'டைரக்ட்' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுவார்கள்.

ஃபேஸ்புக் தோட்டக் குழுக்களில் இணைப்பைப் போட்டால் அட்மின் தூக்கிவிடுவார், தூக்குவதும் நியாயம்தான். அங்கே யாராவது வெளுத்த செடியின் படத்தைப் போட்டுக் கேட்டால் முழுப் பதிலையும் அங்கேயே எழுதிவிடுகிறேன். கடைப் பெயர்கூடச் சொல்வதில்லை. ஆர்வம் உள்ளவர்கள் என் பெயரைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான். பொள்ளாச்சி, உடுமலை, கோயம்புத்தூர்க்காரர்கள் நேரில் வந்து வாங்குவது இதனால்தான். ஆனால் இதை மட்டும் நம்பி உங்கள் எழுத்தை எல்லாம் அதிலேயே வைத்துவிடாதீர்கள். புரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்திருந்த குட்டி இணையதளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. அதே ஆண்டு ஜூலையோடு புரொஃபைலில் இருந்த சாட் வசதியும் போயிற்று. வாடகை இடத்தில் கொடி படர விடலாம், தென்னை வைக்கக் கூடாது. கட்டுரை உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும், மற்ற இடங்களிலிருந்து அங்கே வழி காட்டுங்கள்.

மதிப்பெண் கேட்டால் சர்ச் கன்சோலுக்கு ஐந்துக்கு நாலு. ஏ.ஐ. கணக்கைப் பிரித்துக் கொடுத்தால் மிச்ச ஒன்றையும் கொடுப்பேன். வாட்ஸ்அப் பிராட்காஸ்டுக்கு மூன்றரை, சேனலுக்கு இரண்டு. ஸ்டிக்கர் நானே அடித்தது, அதற்கு மார்க் போட்டால் நன்றாக இருக்காது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தவர்களுக்கு, தங்கள் பொருளைப் பற்றி வாடிக்கையாளரைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர்களுக்கு இது போதும். நாளைக்கே வியாபாரம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது, பலன் தெரியப் பல மாதம் பிடிக்கும். அவர்கள் கூகுள் விளம்பரத்துக்கே நேராகக் கட்டிவிடலாம், லிங்க் பேக்கேஜுக்குக் கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். எழுதவே நேரம் இல்லை, கடை உள்ளூரோடு சரி என்றால் பிசினஸ் புரொஃபைலில் திறக்கும் நேரத்தையும் நாலு நல்ல படத்தையும் சரியாக வைத்துவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள்.